குடும்பப் படங்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் குடும்பப் படங்கள் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் முழுக்க என் சொந்த அபிப்பிராயம். பல படங்களின் முடிவையும் சொல்லிவிட்டேன். இந்த வகைப் படங்களில் கடைசிப் பத்து நிமிடத்தைத் தொடாமல் எதையும் பேச முடிவதில்லை.

குடும்பப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தியேட்டர்காரர்கள் சொல்லும் அர்த்தம் ஒன்று உண்டு: குழந்தை குட்டியோடு, பாட்டி தாத்தாவோடு வந்து பார்க்கக்கூடிய படம். அது டிக்கெட் கணக்கு. என் அளவுகோல் வேறு. ஒரு வீடு ஒன்றாக நிற்பதற்கு அந்த வீட்டில் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருப்பார். அம்மாவாக இருக்கலாம், சம்பாதிக்கும் மகளாக இருக்கலாம், வாய் பேசாத மருமகளாக இருக்கலாம். அந்த ஆளை அடையாளம் கண்டு, கேமராவை அவர் பக்கம் திருப்புகிற படம் எனக்குக் குடும்பப் படம். அதில் சண்டை இருக்கலாம், கொலைகூட இருக்கலாம். பூஜை அறையும் கூட்டுக் குடும்பமும் பத்துப் பாட்டும் இருந்தும் அந்த ஆளைக் கவனிக்காத படத்தை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இந்த ஈடுபாடு எந்தப் படத்தில் தொடங்கியது?

விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்'. 1986-ல் ஏவிஎம் தயாரித்தது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. பலருக்கு அதில் மனோரமா கிஷ்முவோடு மல்லுக்கு நிற்கும் காட்சிதான் ஞாபகம் இருக்கும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் சின்ன வயதில் என்னைத் தூங்க விடாமல் செய்தது, வீட்டுக்கு நடுவே போட்ட கோடு. அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் பணத்தில் தொடங்கிய தகராறு முற்றி, ஒரே கூரைக்குக் கீழே ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அந்தக் கோடு எனக்குச் சினிமாவாகத் தெரியவில்லை.

பெரியவனான பிறகு பார்த்தபோது, அந்தப் படத்தின் உண்மையான துணிச்சல் முடிவில் இருப்பது புரிந்தது. பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்த் திரும்பும் மூத்த மருமகள் உமா, பிரிந்து கிடக்கும் குடும்பத்தைப் பொறுமையாக ஒட்ட வைக்கிறாள். எல்லோரும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, கோடும் அழிந்துவிட்டது. வழக்கமான படம் என்றால் அங்கே 'வணக்கம்' போட்டுவிடுவார்கள். இதில் உமா, இனி சேர்ந்திருக்க வேண்டாம், தனியாகப் போய்விடுகிறோம், நல்ல நாள் பெரிய நாளில் கூடிச் சந்தோஷமாக இருப்போம் என்கிறாள். உமாவாக நடித்த லட்சுமி அதைக் கோபம் துளியும் இல்லாமல் சொல்வார். ஒட்டியது மறுபடி விரிசல் விடாமல் இருக்க இடைவெளி வேண்டும் என்று தமிழ்ச் சினிமாவில் ஒரு மருமகள் வாயால் சொல்ல வைத்தது பெரிய விஷயம். அந்த வீட்டுக்கு விலை கொடுத்தவள் அவள். அதனால் அந்த முடிவை எடுக்கும் உரிமையும் அவளுக்குத்தான் இருந்தது.

'பாசமலர்' மாதிரிப் படங்களை இன்றைக்குப் பார்க்க முடிகிறதா?

முடிகிறது. 1961-ல் ஏ. பீம்சிங் எடுத்த படம். அதே ஆண்டில்தான் அவருடைய 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்' இரண்டும் வந்தன, மூன்றிலும் சிவாஜி. நடிப்பு இன்றைய அளவுக்குக் கூடுதல் என்று என் மகள் சொல்கிறாள். அது நாடக மேடையிலிருந்து வந்த நடிப்பு முறை, அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது. முதல் அரைமணி நேரம் அந்தத் தாளத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் படம் நம்மைப் பிடித்துக்கொள்ளும். கண் பார்வை இழந்த அண்ணனும் தங்கையும் கைகோத்தபடி உயிரை விடும் கடைசிக் காட்சியில் சாவித்திரியின் முகத்தை மட்டும் பாருங்கள். அவர் எதையும் கூட்டவில்லை.

ஆனால் அண்ணன் தங்கை என்றால் நான் திரும்பத் திரும்பப் போவது 1978-ல் மகேந்திரன் எடுத்த 'முள்ளும் மலரும்' படத்துக்குத்தான். உமாசந்திரனின் நாவலில் கிளைத்த படம். 'பாசமலர்' அண்ணனுக்குத் தங்கை தெய்வம். இங்கே வின்ச் ஆபரேட்டர் காளிக்கும் தங்கைதான் உலகம், ஆனால் அந்தப் பாசத்துக்குள் அவனுடைய வீம்பும் முரட்டுத்தனமும் கலந்திருக்கிறது. தங்கையின் கல்யாணத்தில்கூடத் தன் கௌரவத்தைத்தான் முதலில் பார்க்கிறான். அன்பும் அதிகாரமும் ஒரே மனிதனிடம் பிரிக்க முடியாமல் இருப்பதை அவ்வளவு நேராகக் காட்டிய படம் அதற்கு முன் தமிழில் நான் பார்த்ததில்லை. வள்ளி ஊரார் கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் அவளை விடுகிறான். விட்டுக்கொடுக்கும்போதுகூட, மாப்பிள்ளையாகப் போகும் இன்ஜினீயரைத் தனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ஒரு மனிதன் கொஞ்சம்தான் மாறுவான் என்பதை மகேந்திரன் மறைக்கவில்லை. ரஜினியின் முகத்தில் அந்த ஒரு நிமிடத்தில் தோல்வி, நிம்மதி, வீம்பு மூன்றும் இருக்கும். வள்ளியாக ஷோபா பேசாமலே நடித்திருப்பார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவில் அந்த மலைக்காற்றின் குளிர் நமக்கே தெரியும்.

சம்பாதிக்கும் மகள் கதைகளை ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

எங்கள் அத்தை அப்படித்தான் இருந்தார். நான்கு தம்பி தங்கைகளுக்குப் பிறகு, தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போனது. அத்தையோடு உட்கார்ந்து கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' பார்த்திருக்கிறேன். 1974-ல் வந்தது. சுஜாதா நடித்த கவிதா, குடிகார அண்ணன், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி என்று மொத்தக் குடும்பத்தையும் ஒற்றைச் சம்பளத்தில் சுமக்கிறாள். அவள் எரிந்து விழுகிறாள், குத்திக் குத்திப் பேசுகிறாள். இளகிய மனமுள்ள தியாகியாக அவளைக் காட்டாமல், சுமை ஒரு பெண்ணின் குரலை எப்படிக் கரடுமுரடாக்கும் என்று பாலசந்தர் காட்டினார். கல்யாண நாளன்று அண்ணன் கொலையாகிறான், அவள் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். அத்தை அந்த இடத்தில் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். அன்று அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் 'மேகே டாக்க தாரா' 1960-ல் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்து கல்கத்தா ஓரத்தில் குடியிருக்கும் குடும்பம். நீதா டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கிறாள். சம்பளம் வந்த நாளிலேயே ஆளாளுக்கு ஒன்று கேட்டு அது கரைந்துவிடும். அவளை நேசித்தவன் அவள் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். அவளுக்குக் காசநோய் வருகிறது. ஷில்லாங் மலையில் சிகிச்சையில் இருக்கும்போது பார்க்க வந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு, நான் வாழத்தான் ஆசைப்பட்டேன் என்று அவள் கதறுவது மலையெல்லாம் எதிரொலிக்கும். அதைவிட என்னை உலுக்கியது செருப்பு. படத்தின் தொடக்கத்தில் அவள் செருப்பு வார் அறுந்துபோகும், தைக்கவோ புதிது வாங்கவோ செய்யாமல் நடப்பாள். கடைசியில் அதே தெருவில் வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இன்னொரு வீட்டில் இன்னொருத்தி. அவ்வளவுதான், படம் முடிந்துவிடும்.

கொஞ்சம் மூச்சு விட வேண்டும் என்றால் சத்யஜித் ராயின் 'மகாநகர்' பாருங்கள். 1963. வீட்டுச் செலவுக்காக வேலைக்குப் போகும் மருமகள், முதல் சம்பளத்து நோட்டுகளைக் கையில் பிடித்துக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்வாள். விலை கொடுப்பவளுக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்கிற படம் அது.

மொழி தெரியாமல் இந்தப் படங்களை எப்படி ரசிக்கிறீர்கள்?

ஒரு காலத்தில் ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். தெருவில் மற்றவர்கள் தூங்கப் போய்விடுவார்கள், நானும் பாட்டியும் மட்டும் உட்கார்ந்திருப்போம். பாட்டிக்கு அந்த எழுத்தும் தெரியாது, எந்த வட இந்திய மொழியும் தெரியாது. அப்படித்தான் 'பதேர் பாஞ்சாலி' பார்த்தோம். ராய் 1955-ல் எடுத்த முதல் படம், பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவலிலிருந்து.

அதில் இந்திர் என்று ஒரு கிழவி வருவாள். கூன் விழுந்து, பல் போய், கந்தல் துணியோடு, உறவுக்காரர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவள். நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயது. அந்த வீட்டுக்காரி சர்வஜயாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வறுமையில் தன் பிள்ளைகளுக்கே போதாதபோது இன்னொரு வாய். ஒருநாள் கிழவி தண்ணீர் கேட்டு, குடித்த மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பிப் போவாள். எனக்குச் சர்வஜயா மேல் கோபம் வந்தது. பாட்டி, 'அவ என்னடா பண்ணுவா, அவளுக்கே சோறு இல்லை' என்றார். கிழவியின் வயதில் இருந்தவர் கிழவிக்காகப் பேசவில்லை, அந்தத் தாய்க்காகப் பேசினார். படம் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அது அந்த ஒரு வாக்கியம்தான்.

பின்னால் அப்பா ஹரிஹர் ஊரிலிருந்து திரும்பி வருவார். மகள் துர்கா செத்துப்போனது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கு வாங்கிய சேலையை நீட்டியதும் சர்வஜயா உடைந்து அழுகிறாள். நமக்கு அழுகைச் சத்தம் கேட்காது. ரவிசங்கரின் இசையில், வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியமான தார் ஷெனாய் மட்டும் உச்சத்தில் அலறும். அந்த இடத்தில் மொழி எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

இந்தியில் குடும்பப் படம் என்றாலே கல்யாண வீடுதானே?

கல்யாண வீடு ஒன்றும் குறைச்சலான விஷயம் இல்லை. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் 14 பாடல்கள். அதை எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் பேசினார்கள். ஒரு கூட்டத்துக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மனத்தில் தங்கிய இந்திப் படங்கள் வேறு.

கௌரி ஷிண்டே இயக்கிய 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012) படத்தில் ஸ்ரீதேவிக்கு வீட்டில் அடியோ உதையோ இல்லை. ஆங்கிலம் சரியாக வராத அம்மாவைப் பார்த்து மகள் ஒரு சிரிப்புச் சிரிப்பாள், கணவன் ஒரு கேலி செய்வான், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சிரிப்புகள் ஒரு மனுஷியை எவ்வளவு சுருக்கிவிடும் என்பதுதான் படம். பார்த்துவிட்டு அன்று இரவே என் அம்மாவுக்கு போன் செய்தேன். அடுத்தது ஷூஜித் சர்க்காரின் 'பிகு' (2015). மலச்சிக்கலைப் பற்றியே ஓயாமல் பேசும் அப்பா, அவரை விட்டு நகர முடியாத மகள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது புனிதமான காரியமாக இருக்கும் அதே நேரத்தில் எரிச்சலான காரியமும்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்த படம் அது.

மலையாளப் படங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது?

வீட்டைக் கட்டடமாகவே பார்ப்பார்கள். எந்தக் கதவு எங்கே திறக்கும், சமையலறைக் குழாய் எங்கே ஒழுகும் என்பது வரை தெரியும். அந்தக் கட்டடத்திலிருந்துதான் கதை எழும்பும்.

அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அழிந்துகொண்டிருக்கும் பழைய பண்ணை வீடு. உண்ணி என்கிற ஆண், அவனுக்கு வேலை செய்து தேய்ந்து போகும் சகோதரி ராஜம்மா. உண்ணி வழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்கூடத் தாண்ட முடியாமல் திரும்பிவிடுவான். எலிப்பொறியில் சிக்கிய எலியைக் குளத்தில் முக்குவதுபோலக் கடைசியில் அவனையே தூக்கிக் குளத்தில் போடுகிறார்கள். மெதுவான படம்தான். அந்த மெதுவுக்குக் காரணம் இருக்கிறது: அந்த வீட்டில் ஒருத்தியைத் தவிர யாரும் அசைவதில்லை.

அதே இழையைப் பிடித்து ஜியோ பேபி 2021-ல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' எடுத்தார். அதில் யாருக்கும் பெயர் இல்லை. மாமனார் குரலே உயர்த்த மாட்டார். சோறு விறகடுப்பில் வைத்தால் நன்றாக இருக்கும், துணியைக் கையால் துவைத்தால் கிழியாது என்று இனிமையாகச் சொல்வார். ஒழுகும் குழாயைச் சரி செய்ய ஆள் கூப்பிடச் சொல்லிச் சொல்லி அவள் அலுத்துப் போவாள், கணவன் மறந்துகொண்டே இருப்பான். நறுக்குவது, அரைப்பது, துடைப்பது, மறுபடி நறுக்குவது என்று படம் அதையே காட்டிக்கொண்டிருக்கும். சலிப்பாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் அவருக்கு வந்த சலிப்பை நினைத்துக்கொண்டு அவர் வீட்டுச் சமையலறையைப் பார்த்தால் போதும் என்று சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, யோசித்தார்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 'கும்பளங்கி நைட்ஸ்'. 2019-ல் வந்தது, சியாம் புஷ்கரன் எழுத்து, மது சி. நாராயணன் இயக்கம். பூசாத சுவர்களோடு ஒரு வீடு, நான்கு சகோதரர்கள், பெண் வாசனையே இல்லை. ஊரிலேயே மோசமான வீடு என்று கடைக்குட்டி ஃபிராங்கியே சொல்வான். இன்னொரு பக்கம், எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் வீடு. அங்கே மருமகனாக வந்து மெல்ல மெல்ல அதிகாரம் பிடிக்கும் ஷம்மி. ஃபகத் பாசில் அந்தப் பாத்திரத்தில் புன்னகைத்தாலே முதுகுத்தண்டு சில்லிடும். எது குடும்பம், எது சிறை என்று படம் நம்மையே தடுமாற வைக்கிறது. மூத்தவன் சாஜியைக் காப்பாற்றப் போய் இறந்துவிடும் முருகன் நம்மூர்க்காரர், துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவர். குற்ற உணர்ச்சியில் புழுங்கும் சாஜி, தனக்கு அழுகை வரவில்லை, மருத்துவரிடம் கூட்டிப்போ என்று தம்பியிடம் கேட்பான். மருத்துவரைப் பார்த்ததும் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிடுவான். தனக்கு உதவி வேண்டும் என்று ஓர் ஆண் வீட்டுக்குள் வாய்விட்டுக் கேட்கிற காட்சியை நம் படங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு முருகனின் கர்ப்பிணி மனைவியை அழைத்து வருகிறார்கள், அந்தப் பாழடைந்த வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கிறது. யாரை வேண்டுமானாலும் உள்ளே விடும் வீடு அது.

அப்பாக்களைப் பற்றிய படங்களில் எது?

சேரனின் 'தவமாய் தவமிருந்து' (2005). அச்சகம் வைத்திருக்கும் அப்பாவாக ராஜ்கிரண், அம்மாவாக சரண்யா. கடன் வாங்கிக் கடன் வாங்கியே இரண்டு மகன்களை ஆளாக்குகிறார். நீளமான படம், சில இடங்களில் உணர்ச்சியைத் தேவைக்கு மேல் பிழிகிறது என்பதும் உண்மை. இருந்தாலும் கடனுக்கு நிற்கும் அப்பாவின் உடல்மொழி, அந்தக் குறுகிய தோள், ராஜ்கிரணைத் தவிர வேறு யாருக்கு வந்திருக்கும்?

ராமின் 'தங்க மீன்கள்' (2013) வேறு மாதிரி. மகள் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா கல்யாணிக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை. பாசம் மட்டும் இருந்தால் போதாது என்று அவனைச் சுற்றியுள்ள எல்லோரும் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் அந்தப் படத்தின் வலி.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரம்தான். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியைக் கூட்டிவரக் குடிகார அப்பா மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைப் பையன் கிழித்துப் போட, கொளுத்தும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். அம்மா படத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் முழுக்க அவளைப் பற்றியதுதான். கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொள்வதைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாமும் காத்திருக்க வேண்டும்.

முதியவர்களைப் பற்றி?

1970-ல் வந்த 'வியட்நாம் வீடு' இன்னமும் முதலிடத்தில் இருக்கிறது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே ஒரு மனிதனின் சொல் வீட்டில் எடை குறைந்துவிடுவதை சிவாஜி நடையிலேயே காட்டிவிடுவார். பக்கத்தில் பத்மினி இல்லையென்றால் அந்தப் படம் பாதிதான்.

இந்தியில் 'பாக்பான்' (2003) இதே விஷயத்தைப் பேசியது. அது எனக்கு ஒட்டவில்லை. பெற்ற பிள்ளைகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989) படத்தில் நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்து சேரும் முதியவரை யாரும் வெறுக்கவில்லை. அந்த வீட்டில் இடமும் சோறும் குறைவு, அவ்வளவுதான். சொக்கலிங்க பாகவதரின் அந்தக் குழந்தைச் சிரிப்பு நம்மைக் கரைத்துவிடும்.

மனம் லேசாக வேண்டுமா? தெலுங்கில் தனிகெள்ள பரணி எடுத்த 'மிதுனம்' (2012). எஸ்.பி. பாலசுப்ரமணியம், லட்சுமி, திரையில் இந்த இருவர் மட்டும்தான். பிள்ளைகள் வெளிநாட்டில். தோட்டத்தில் பறிப்பதும் சமைப்பதும் சாப்பிடுவதும் சண்டை போடுவதுமாக நாள் போகிறது. பசியோடு பார்க்காதீர்கள்.

இந்தப் படங்கள் தியாகத்தைப் புகழ்ந்து பெண்களைக் கட்டிப்போடுகின்றனவே?

நிறையப் படங்கள் அப்படித்தான். கணவன் அடித்தாலும் காலைத் தொட்டுக் கும்பிடும் மனைவிக்கு வீணை இசை போட்ட படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவற்றை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் தியாகத்தைக் காட்டுவதும் கொண்டாடுவதும் ஒன்றில்லை. நீதாவின் கதறலைக் கேட்டுவிட்டு யாரும் தன் மகள் அப்படி இருக்க வேண்டும் என்று நினைக்க மாட்டார்கள். நான் ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: அந்தப் பெண்ணுக்கு ஒரு கோபக் காட்சியாவது இருந்ததா? இல்லையென்றால் அந்தப் படத்துக்கு அவள் மேல் அக்கறை இல்லை.

'பாபநாசம்' குடும்பப் படமா?

சந்தேகமே இல்லை. ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்த 'திருஷ்யம்' படத்தை அவரே 2015-ல் தமிழுக்குக் கொண்டுவந்தார். சிக்கனம் பிடிக்கும் கேபிள் டிவிக்காரர், மனைவி, இரண்டு மகள்கள். முதல் பாதி முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சுதான். அது இல்லாமல் இரண்டாம் பாதியில் அந்தச் சின்னப் பெண் விசாரணையில் அடி வாங்கும்போது நமக்கு அப்படித் துடித்திருக்காது.

சிரிக்க வைக்கும் குடும்பப் படம் ஒன்று சொல்லுங்கள்.

கன்னடத்தில் ராம் ரெட்டி எடுத்த 'திதி' (2016). மண்டியா மாவட்டத்துக் கிராமம். 101 வயது செஞ்சுரி கௌடா இறந்துபோகிறார். பதினோராம் நாள் காரியத்துக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்பதுதான் கதை. பேரன் தம்மண்ணாவுக்கு நிலத்தை விற்றாக வேண்டும், மகன் கடப்பா எதிலும் ஒட்டாமல் நடந்துகொண்டே இருக்கிறார், கொள்ளுப்பேரன் ஆடு மேய்க்கும் பெண் பின்னால் சுற்றுகிறான். நடித்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். சாவு வீட்டில் எவ்வளவு கணக்கு வழக்கு, எவ்வளவு சிரிப்பு இருக்கும் என்பது கிராமத்தில் காரியம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் கடப்பா தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போது சிரிப்பு சட்டென்று நின்றுவிடும்.

சமீபத்தில் பிடித்தவை?

ச. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024). சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவன், பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் 'அத்தான் அத்தான்' என்று உயிரை விடுகிறான், இவனுக்கோ அவன் பெயர்கூட ஞாபகம் இல்லை. வீட்டை இழந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு அரவிந்த்சாமியின் தயக்கம் நன்றாகப் புரியும். நானும் அப்படி ஒரு கல்யாணத்தில் பெயர் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்று வரை அவர் யாரென்று கேட்காதது உறுத்துகிறது.

அபிஷான் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதை. தெருவே சொந்தமாகிவிடும். அவ்வளவு நல்லவர்களாகவா எல்லோரும் இருப்பார்கள் என்று தோன்றலாம். சில தெருக்களில் இருக்கிறார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'யுஏ' இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 'பதேர் பாஞ்சாலி'யில் ஒரு குழந்தை இறக்கிறது. சான்றிதழ் அதையெல்லாம் சொல்லாது. நீங்கள் முதலில் பார்த்துவிடுவது நல்லது. என் மகளுக்கு மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில்தான் தொடங்கினேன். பீட்சா கேட்டு அலையும் அந்த இரண்டு பையன்களின் பெயரை அவள் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு நேரம் குறைவு. ஒரே ஒரு படம் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988. அதில் நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், தாத்தாவின் மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள் சுதா. கடன், லஞ்சம், சிமென்ட் மூட்டையைக் களவாடி விற்கும் கான்ட்ராக்டர், அதைத் தட்டிக் கேட்கும் சித்தாள். வில்லன், சண்டை, பாட்டு எதுவும் கிடையாது. அரைகுறையாக நிற்கும் அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போவார். சுவரைத் தடவி, அறை அறையாக நடந்து பார்ப்பார். அந்தச் சில நிமிடங்களில் வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார். வீடு முடிந்ததா என்றால், முடிவதற்குள் நிலத்தின் மேலேயே வழக்கு வந்துவிடுகிறது.

நீங்கள் இப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். கிரகப்பிரவேசம் முடிந்து, பெரியவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள்.